'போஸ்ட்' வந்த வழி

ஆங்கிலத்தில் 'போஸ்ட்' என்று எழுதப்படுவது ஒரு சொல் அன்று. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வாசல் வழியாக அந்த மொழிக்குள் வந்த நான்கு சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. கம்பம் ஒன்று. கடிதம் இரண்டாவது. காவலும் உத்தியோகமும் மூன்றாவது. 'பின்' என்று பொருள்படும் முன்னொட்டு நான்காவது. நான்கும் லத்தீனிலிருந்து வந்தவைதான். ஆனால் லத்தீனில் அவை எல்லாம் ஒரே குடும்பம் அல்ல. தெருவிளக்குக் கம்பத்தை லைட் போஸ்ட் என்றும், சோதனைச் சாவடியை செக்போஸ்ட் என்றும், பணியமர்வை போஸ்டிங் என்றும், பிணக்கூறாய்வை போஸ்ட்மார்ட்டம் என்றும் நாள்தோறும் சொல்லும் தமிழர் இந்த நான்கு வரலாறுகளையும் கலந்தே புழங்குகிறார்கள்.

வயதில் மூத்தது கம்பம். லத்தீனில் 'போஸ்டிஸ்' என்றால் வாசல் நிலைக்கால். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே, பழைய ஆங்கிலக் காலத்திலேயே, இது அங்கே வந்துவிட்டது. முதலில் இது தச்சர் வாயில் புழங்கிய சொல். 12-ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் எழுந்த மரக் காற்றாலைகளுக்குப் 'போஸ்ட் மில்' என்றே பெயர். நேராக நிறுத்திய ஒற்றைக் கருவாலிக் கம்பத்தின் மேல் ஆலை முழுவதும், அரைக்கும் கல், மூட்டை, மாவு அரைப்பவர் எல்லாவற்றோடும் உட்கார்ந்திருக்கும். காற்று திசை மாறினால் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தைத் தள்ளி, ஆலையையே அந்தக் கம்பத்தைச் சுற்றித் திருப்பிவிடுவார்கள். அத்தனை பாரத்தையும் தாங்கியது அந்த ஒரு மரம்.

நகரத்துத் தெருக்களில் கம்பத்துக்கு வேறொரு வேலை வந்தது. லண்டனில் மேயர், ஷெரீப் ஆகியோரின் வீட்டு வாசலில் செதுக்கி வண்ணம் பூசிய கம்பங்கள் நிற்கும்; அதிகாரி வீடு என்பதற்கு அதுவே அடையாளம். அரசாணைகள் அந்தக் கம்பங்களில் தொங்கவிடப்பட்டன. தெருவில் வண்டிப் பாதையையும் நடப்போர் பாதையையும் பிரித்து நிறுத்திய கம்பங்கள் வேறு இருந்தன. நாடகக் கொட்டகைக்காரர்கள் அன்றைய நாடகத்தின் பெயரை அச்சடித்து இவற்றில் ஒட்டினார்கள். புத்தக வியாபாரிகள் புதுப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தை மட்டும் கூடுதலாக அச்சிட்டு ஒட்டிவைத்தார்கள்; அந்தக் காலத்துப் புத்தகத் தலைப்புகள் அரைப் பக்கத்துக்கு நீண்டதற்கு இந்தக் கம்பமும் ஒரு காரணம். கம்பத்தில் ஒட்டுவதே 'போஸ்ட்' செய்வது என்றாயிற்று. ஒட்டப்பட்ட தாள் 19-ஆம் நூற்றாண்டில் 'போஸ்டர்' ஆனது. மதுரைச் சுவர்களில் பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் சொல்லும் போஸ்டர்களுக்குப் பூர்வீகம் தபால்பெட்டி அன்று, லண்டன் தெருக்கம்பம்.

விளையாட்டு மைதானத்தின் கோல்போஸ்டும் குதிரைப் பந்தயத்தின் முடிவுக் கம்பமும் இந்த வம்சம்தான். யார் எத்தனை அடி முந்தினார் என்பதைப் பார்க்காமல், கம்பத்தை முதலில் கடந்தவரே வென்றவர் என்பது பந்தய விதி. அதை அப்படியே எடுத்து, பதிவான வாக்குகளில் பாதியைத் தாண்டாவிட்டாலும் மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வெல்லும் தேர்தல் முறைக்கு ஆங்கிலேயர் பெயராக வைத்தார்கள். இந்திய மக்களவைத் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் அந்த முறையில்தான் நடக்கின்றன. பெயர்ப் பொருத்தம் அவ்வளவாகச் சரியில்லை. பந்தயத்தில் கம்பம் ஓரிடத்தில் நிற்கும். தேர்தலில் எத்தனை வாக்கு வாங்கினால் கம்பம் வரும் என்பது எண்ணி முடிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

இரண்டாவது 'போஸ்ட்', கடிதப் போக்குவரத்து, கம்பத்தோடு உறவில்லாதது. லத்தீனில் 'பொனெரே' என்றால் வை, நிறுத்து. நிறுத்திவைக்கப்பட்டது 'போஸிட்டா'; இத்தாலியரிடம் அது 'போஸ்டா', பிரெஞ்சுக்காரரிடம் 'போஸ்ட்'. நிறுத்திவைக்கப்பட்டவை கடிதங்கள் அல்ல, குதிரைகள். நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட தொலைவுக்கு ஓரிடத்தில் புதுக் குதிரையும் ஆளும் தயாராக இருந்தால், களைத்த குதிரையிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறிச் செய்தி நிற்காமல் போகும். ரோமில் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலேயே அரசுப் பயன்பாட்டுக்கு இந்த ஏற்பாடு இருந்தது. ஐரோப்பாவில் அதை 15-ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுப்பியவர்களில் முக்கியமானவர்கள் இத்தாலியிலிருந்து வந்த டாக்ஸிஸ் குடும்பத்தார். 1490-இல் பேரரசர் மாக்சிமிலியனுக்காக ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கையும் இன்றைய பெல்ஜியத்தின் மெக்கலனையும் அவர்கள் இணைத்தார்கள். 1505-இல் எழுதிய ஒப்பந்தத்தில் பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்புருக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள், குளிர்காலத்தில் ஆறரை நாள் என்று கெடு வைக்கப்பட்டது. பிரஷ்யா 1867-இல் எடுத்துக்கொள்ளும்வரை இந்தத் தொழில் ஏதோ ஒரு வடிவில் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. வருகையை அறிவிக்க அவர்களுடைய குதிரைக்காரர்கள் ஊதிய வளைந்த கொம்பு, பல ஐரோப்பிய நாட்டு அஞ்சல் துறைகளின் சின்னமாக இன்றும் தொடர்கிறது. அந்தக் கொம்பை நீர்க்குறியாகக் கொண்ட தாளுக்கும் 'போஸ்ட்' என்றே பெயர் வந்து, காகித வியாபாரத்தில் அது ஓர் அளவின் பெயராக நிலைத்தது.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரையன் டியூக்கை இத்தகைய குதிரை அஞ்சலின் பொறுப்பில் அமர்த்தினார். அப்போது 'போஸ்ட்' என்றால் கடிதம் அன்று, மனிதன். சாலையோரம் விடுதி நடத்தியவரே பெரும்பாலும் அரசாங்கத்தின் 'போஸ்ட்'. அரசாங்கம் தினக்கூலி தரும். அவர் குதிரைகளையும், உள்ளே துணி வைத்துத் தைத்த தோல் பைகளையும், ஊதுகொம்பையும் தயாராக வைத்திருக்க வேண்டும். எலிசபெத் காலத்து விதிகள் கோடையில் மணிக்கு 7 மைல், குளிர்காலத்தில் 5 மைல் என்று வேகம் குறித்தன. உறையின் மேல் ஒவ்வொரு நிலையத்திலும் கடிதம் வந்து சேர்ந்த நேரத்தை எழுதியாக வேண்டும். யார் தாமதித்தார் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவசரக் கடிதத்தின் மேல் 'விரைந்து போ, போஸ்ட், விரைந்து போ' என்ற கருத்தில் ஆணை எழுதுவார்கள். சில உறைகளில் படிப்பறியாதவனுக்கும் புரியட்டும் என்று தூக்குமரப் படமே வரைந்திருக்கிறது. மின்னல் வேகத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'போஸ்ட் ஹேஸ்ட்' அந்த உறைகளிலிருந்து வந்த தொடர்.

அரசனின் தூதாக இருந்ததைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1635 ஜூலை 31-ஆம் தேதி முதலாம் சார்லஸ் வெளியிட்ட அறிக்கை. மக்கள்மீது பரிவு என்பதைவிடக் கஜானாவின் கவலைதான் இதற்குக் காரணம் என்று சொல்வது பொருந்தும். நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் ஆண்டுகொண்டிருந்த அரசனுக்கு வருமானம் தேவைப்பட்டது. 80 மைலுக்குள் 2 பென்ஸ், 140 மைல்வரை 4 பென்ஸ், அதற்கு அப்பால் 6 பென்ஸ், ஸ்காட்லாந்துக்கு 8 பென்ஸ் என்று கட்டணம் விதிக்கப்பட்டது. ஏற்பாடு முழுவதும் தாமஸ் விதரிங்ஸ் என்ற லண்டன் வணிகருடையது. 1657-இல், முடியாட்சியை ஒழித்த கிராம்வெல் ஆட்சியில், தலைமை அஞ்சலகத்துக்கு நாடாளுமன்றச் சட்டம் வந்தது. 1660-இல் அரியணைக்குத் திரும்பிய இரண்டாம் சார்லஸ், எதிரிகளின் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கினாலும் இதைப் புதுப்பித்து வைத்துக்கொண்டார்.

இதற்குள் சொல்லின் பொருள் மனிதனிலிருந்து அவன் சுமந்த பைக்கு நகர்ந்துவிட்டது. பை கிளம்பும் நாள் 'போஸ்ட் டே'. லண்டனிலிருந்து வெளியூர்களுக்குத் தபால் கிளம்பிய நாள்களைப் பார்த்தே செய்தித்தாள்கள் வாரம் மூன்று முறை அச்சாயின. 1695-இல் தொடங்கிய 'போஸ்ட் பாய்' அப்படி ஒன்று. லண்டனின் 'மார்னிங் போஸ்ட்' 1772-இலும், அமெரிக்காவின் 'வாஷிங்டன் போஸ்ட்' 1877-இலும் அதே பெயரைச் சூடிக்கொண்டன. கணக்கர்களும் இந்தச் சொல்லை எடுத்தாண்டார்கள். அன்றாட வரவுசெலவைக் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டில் உரிய தலைப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 'போஸ்ட்' செய்வது. பேரேடு இன்றுவரை எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அமெரிக்க வணிகர்கள் சொன்ன சொல்லாட்சியே, நடப்பை உடனுக்குடன் தெரிவிக்கும்படி கேட்கும் இன்றைய ஆங்கில வழக்காக மாறியது.

தபால் பையைச் சுமந்த குதிரைக்காரச் சிறுவர்களின் வேகம் 18-ஆம் நூற்றாண்டுக்குப் போதவில்லை. பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போக 38 மணி நேரம்வரை ஆயிற்று. வழிப்பறி வேறு. பாத் நகரில் நாடகக் கொட்டகை வைத்திருந்த ஜான் பால்மர், நடிகர்களையும் திரைச்சீலைகளையும் ஊர் ஊராகக் கோச்சு வண்டியில் வேகமாக அனுப்பிப் பழகியவர். கடிதத்தையும் அப்படி அனுப்பலாமே என்றார். அதிகாரிகள் ஆகாது என்றார்கள். நிதியமைச்சராக இருந்த வில்லியம் பிட் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 1784 ஆகஸ்ட் 2-ஆம் தேதி மாலை 4 மணிக்குப் பிரிஸ்டலில் கிளம்பிய வண்டி மறுநாள் காலை லண்டன் போய்ச் சேர்ந்தது. பிடித்தது 16 மணி நேரம். துப்பாக்கியும் கொம்பும் வைத்திருந்த காவலாள் பின்னால் இருந்தார். கொம்புச் சத்தம் கேட்டதும் சுங்கக் கதவுகளைக் கட்டணம் கேட்காமல் திறந்துவிட வேண்டும். ரயில் வந்தபின் இந்த வண்டிகள் மறைந்தன; லண்டனிலிருந்து கிளம்பிய கடைசி வண்டிகளின் காலம் 1846-உடன் முடிந்தது.

அதுவரை தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். பெரும்பாலும் பெறுபவர்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ரோலண்ட் ஹில் 1837-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு, செலவு தூரத்தில் இல்லை, கணக்கு எழுதுவதிலும் வீட்டு வாசலில் காசு வசூலிப்பதிலும்தான் இருக்கிறது என்று காட்டினார். 1840 மே மாதம் ஒரு பென்னி விலையில் கருப்பு அஞ்சல்தலை வந்தது. உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலை அது. 1839-இல் ஏறத்தாழ 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் 1840-இல் 16.9 கோடியை எட்டின. முன்கூட்டியே காசு கட்டியாகிவிட்டதால் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுக்கும் தேவையும் இல்லாமல் போனது. அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதிய ஆன்டனி ட்ரோலப்பின் யோசனைப்படி 1852-இல் ஜெர்சி தீவில் தூண் வடிவப் பெட்டிகள் நடப்பட்டன. பிறகு பச்சையாக இருந்த அந்தப் பெட்டிகள், பச்சைப் புல்வெளியில் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்ற புகார் காரணமாக 1874 முதல் சிவப்புக்கு மாறின. சென்னைத் தெருமுனையில் நிற்கும் சிவப்புப் பெட்டியின் நிறத்துக்கும் மூலம் அங்கேதான்.

இந்தியாவில் குதிரைக்குப் பதில் மனிதக் கால்கள். சில மைல்களுக்கு ஒருவராக ஓட்டக்காரர்கள் நிற்பார்கள். சலங்கை கட்டிய கோலோடு ஒருவர் ஓடிவந்து பையைக் கொடுக்க, அடுத்தவர் வாங்கிக்கொண்டு ஓடுவார். வடக்கே இதை 'டாக்' என்றார்கள். தெற்கே 'தப்பால்', அதாவது தபால். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் 'அஞ்சல்' என்ற தனி ஏற்பாடு இருந்தது. 1951-இல் அவை இந்திய அஞ்சல் துறையோடு இணைந்தன. குதிரை நிலையங்களுக்கும் இவற்றுக்கும் ஒற்றுமை பெயரளவில் நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் வசதி உள்ளவர் போஸ்ட் குதிரைகளை வாடகைக்கு எடுத்துப் பயணம் செய்ததுபோல, கம்பெனி ஆட்சியில் ஐரோப்பியப் பயணி தபால் அதிகாரிக்கு முன்கூட்டியே எழுதிவிட்டால், வழிநெடுகப் பல்லக்குத் தூக்குவோர் மாற்று ஆள்களாகக் காத்து நிற்பார்கள். மனிதரையும் கடிதத்தையும் ஒரே இலாகா சுமந்த காலம் அது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் 1774-இல் கல்கத்தாவில் தபாலைப் பொதுமக்களுக்குத் திறந்தார். சென்னையில் தலைமை அஞ்சலகம் 1786 ஜூன் 1-ஆம் தேதி கோட்டையில் தொடங்கியது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்த, இன்று ராஜாஜி சாலையில் உள்ள சிவப்புக் கட்டடத்துக்கு அது 1884-இல் குடிபெயர்ந்தது. 1854-இல் நாடு முழுவதற்குமான அஞ்சல்தலைகளும், கால் தோலா எடைக்கு அரையணா என்று தூரம் பார்க்காத கட்டணமும் வந்தன. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடிதமும் பெஷாவர்க் கடிதமும் ஒரே விலை. 1879-இல் காலணாவுக்கு வந்த போஸ்ட் கார்டு, கடிதம் எழுதுவதையே ஏழைகளுக்கும் கைக்கெட்டும் காரியமாக்கியது. வெறுமனே 'கார்டு' என்றாலே தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுங்காலம் இதைத்தான் குறித்தது.

மூன்றாவது சொல்லும் 'பொனெரே' என்ற அதே லத்தீன் வேரில் பிறந்ததே. ஆனால் 'போஸ்டோ' என்ற இத்தாலிய ஆண்பாற் சொல்லாகிப் பிரெஞ்சுப் படைகளின் வழியே வந்தது. வீரனை நிறுத்திவைத்த இடம் அது. அங்கிருந்து அவன் நகரக் கூடாது. எல்லையில் தள்ளி நிற்பது 'அவுட்போஸ்ட்'. வட அமெரிக்கக் காடுகளில் தோல் வாங்க ஹட்சன் விரிகுடாக் கம்பெனி அமைத்த கிடங்குகள் 'டிரேடிங் போஸ்ட்'. படை முகாமில் இரவு அதிகாரி காவல் இடங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்ப்பார்; சுற்றத் தொடங்கும்போது ஒரு ஊதல், கடைசிக் காவலிடத்தைப் பார்த்து முடித்ததும் ஒரு ஊதல். அந்த இரண்டாவதுதான் 'லாஸ்ட் போஸ்ட்'. அன்றைய பணி முடிந்தது என்ற அறிவிப்பு, பின்னர் வீரரின் அடக்கத்திலும் ஊதப்பட்டது. பெல்ஜியத்தின் ஈப்ர நகரில், முதல் உலகப் போரில் உடல் கிடைக்காமல்போன 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர் பொறித்த மெனின் வாயிலில் 1928-இல் தொடங்கிய இந்த ஊதல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரைப் பிடித்திருந்த ஆண்டுகள் தவிர, இரவு 8 மணிக்குத் தொடர்ந்து ஒலித்துவருகிறது. அங்கே பொறித்த பெயர்களில் இந்தியப் படையினருடையவையும் உண்டு.

காவலிடம் உத்தியோகமாக மாற வெகுநாள் ஆகவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் 'போஸ்ட்' பதவியையும் குறித்தது. பிரிட்டிஷ் கடற்படையில் இதற்கு ஒரு நுட்பம் இருந்தது. சிறு கப்பலை நடத்துபவரையும் மரியாதைக்குக் கேப்டன் என்பார்கள்; 20 அல்லது அதற்கு மேற்பட்ட பீரங்கி கொண்ட கப்பல் கிடைத்தால்தான் அவர் 'போஸ்ட் கேப்டன்'. அந்தப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் பிறகு யாரும் தாண்ட முடியாது. முன்னால் இருப்பவர்கள் ஓய்வு பெறவோ சாகவோ காத்திருந்தால் அட்மிரல் பதவி தானாக வரும். நெல்சனுக்கு இது 1779-இல், 20 வயதில் கிடைத்தது.

இந்திய அரசு அலுவலகங்களில் ஆளும் இடமும் வேறு வேறு என்ற அந்தப் பழைய பேதம் அப்படியே நிலைத்திருக்கிறது. பணியாளர் வந்துபோவார், அனுமதிக்கப்பட்ட 'போஸ்ட்' காகிதத்தில் இருக்கும், ஆளில்லாவிட்டால் காலிப் பணியிடம் என்று எண்ணப்படும். எதிர்நிலையும் உண்டு. அதிகாரி பதவியில் இருப்பார், உட்கார இடம் ஒதுக்கப்பட்டிருக்காது. 'கம்பல்சரி வெயிட்' என்பார்கள். தேர்வில் வென்றவருக்கு உறவினர் கேட்கும் கேள்வியும் இந்த வித்தியாசத்தை அறிந்ததுதான்: வேலை கிடைத்தது சரி, போஸ்டிங் எங்கே?

நான்காவதான லத்தீன் முன்னொட்டு மருத்துவர், வழக்கறிஞர், பேராசிரியர் கைகளில் வளர்ந்தது. நண்பகலுக்குப் பின், இறப்புக்குப் பின், எழுதி முடித்த பின், பட்டத்துக்குப் பின் என்று வேண்டியதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும்; அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு சொற்களை மட்டும் கவனிக்கலாம். ஒத்திவைப்பதைக் குறிக்கும் 'போஸ்ட்போன்' என்பதில் முன்னொட்டும் 'பொனெரே' என்ற வினையும் சேர்ந்தே இருக்கின்றன. அதற்கு எதிராக இந்தியர் பரவலாக வழங்கும் 'ப்ரீபோன்', பல காலம் கேலிக்குள்ளாகி, இப்போது ஆக்ஸ்போர்டு அகராதியில் இருக்கிறது. தந்தை இறந்தபின் பிறந்த குழந்தையைக் குறிக்கும் 'போஸ்துமஸ்' உண்மையில் 'கடைசி' என்ற லத்தீன் சொல். மண்ணைக் குறிக்கும் 'ஹூமுஸ்' அதில் ஒளிந்திருப்பதாக யாரோ நினைத்து ஓர் எழுத்தை நடுவில் செருகிவிட்டார்கள்; தவறு நிலைத்துவிட்டது.

தமிழ் இந்த நான்கையும் ஒரே சொல்லால் பெயர்க்கவில்லை. கம்பம், தபால், அஞ்சல், சாவடி, பதவி, பணியிடம், பிந்தைய என்று இடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டது. பேச்சில் ஆங்கிலத்தையும் விடவில்லை. ஈழத்தமிழர் வழக்கிலுள்ள 'தபாற்கந்தோர்' இன்னொரு வரலாற்றைக் காட்டும். அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' டச்சுக்காரர் விட்டுப்போன சொல். சமூக ஊடகத்தில் எழுதுவதையும் 'போஸ்ட்' என்பதால், அது கடிதத்தின் வாரிசு என்று பலர் நினைக்கிறார்கள். 1970-களின் இறுதியில் கணினிகளில் வந்த அறிவிப்புப் பலகைகளிலிருந்து அந்த வழக்கு பரவியது; பலகையில் ஒட்டுவது கம்பத்தில் ஒட்டியதன் தொடர்ச்சி. பெயர் குறித்த ஒருவருக்கு உறையிட்டு அனுப்புவது ஒரு சொல், போவோர் வருவோர் எல்லாரும் பார்க்க ஒட்டிவைப்பது வேறொரு சொல். நல்ல ஆங்கில அகராதிகள் இவற்றை எண்ணிட்ட தனித்தனித் தலைச்சொற்களாகவே தருகின்றன. பொருள் தேடுகிறவர் முதல் எண்ணோடு நின்றுவிடக் கூடாது.